தட்டில் உண்டு, உடம்பில் இல்லை

திருப்பதியில் வெயில் போதவில்லை என்று யாராவது சொன்னால் ஊரே சிரிக்கும். திருமலை மாடவீதிகளில் நடக்கிறவர்களின் பாதம் கொப்பளித்துவிடக் கூடாதென்று தரையில் வெள்ளைப் பூச்சு அடித்து, தண்ணீரும் தெளித்து வைக்கிறார்கள். மலைக்குக் கீழே இன்னும் மோசம். இந்த வெயில் நம் தோலில் என்ன வேலை செய்கிறது என்பதை அந்த ஊரிலேயே அளந்து பார்த்தவர்கள் உண்டு. ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகத்தில், அதாவது ஊர்க்காரர்கள் சொல்லும் ஸ்விம்ஸில், நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவராக இருந்த சி.வி. ஹரிநாராயணும் அவருடைய குழுவினரும்தான் அவர்கள். அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த வைட்டமின் டி நிபுணர் மைக்கேல் ஹோலிக்கும் சேர்ந்துகொண்டார். மனிதத் தோலில் இருக்கும் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற மூலப்பொருளைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து வெயிலில் வைத்தார்கள். அதில் எவ்வளவு வைட்டமின் டி-யாக மாறத் தொடங்குகிறது என்று வெவ்வேறு நேரங்களில் எடுத்துப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான முடிவு: ஆண்டு முழுவதும், பகல் 11 மணியிலிருந்து 2 மணி வரை உச்ச விளைச்சல். வெயிலின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

ஆனால் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே இதே குழு ஒரு சங்கடமான கணக்கை வெளியிட்டிருந்தது. திருப்பதி நகரத்தினரையும் சுற்றுவட்டாரக் கிராமத்தினரையும் சேர்த்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு அது. எல்லாரும் நோயில்லாதவர்கள். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் வைட்டமின் டி குறைபாடு என்று வைத்துக்கொண்டார்கள். நகரத்து ஆண்களில் 62 சதவீதம், பெண்களில் 75 சதவீதம் அந்தக் கோட்டுக்குக் கீழே. இவர்கள் நிழலில் வாழ்கிறவர்கள், போகட்டும். காலையிலிருந்து மாலைவரை வயலில் நிற்கிற கிராமத்து ஆண்களில் 44 சதவீதம், பெண்களில் 70 சதவீதம் என்ற எண்ணை என்ன செய்வது?

விடை அவர்கள் சாப்பாட்டில் இருந்தது. கிராமத்தாரின் உணவில் கால்சியம் நகரத்தாரைவிடவும் குறைவு. பைட்டேட்டோ அதிகம். பைட்டேட் என்பது தானியங்களும் பருப்புகளும் பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் வடிவம். குடலுக்குள் அது கால்சியத்தையும் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். திருப்பதியை அடுத்த, பால் நிறையக் கறக்கும் சித்தூர்ப் பக்கத்தில் இப்படி ஒரு நிலை என்பது வேதனைதான். கறந்த பால் கேனில் ஏறி ஊரைவிட்டுப் போகிறது, அவ்வளவே.

கால்சியம் குறைந்தால் வைட்டமின் டி ஏன் குறைய வேண்டும்? வைட்டமின் டி குறைந்தால் கால்சியம் உறிஞ்சப்படாது என்பதுதானே நாம் படித்த பாடம். அது எதிர்த்திசையிலும் ஓடும். ரத்தத்தில் கால்சியம் இறங்கும்போது கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் சும்மா இருக்காது. எலும்பைக் கரைத்துக் கால்சியம் எடுக்கும். கையிருப்பில் உள்ள வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும்படி சிறுநீரகத்தை முடுக்கும். செயல்படும் வடிவம் கூடினால் கையிருப்பு வேகமாகச் சிதைந்து கழியும். 1987-இல் கிளெமென்ட்ஸ், ஜான்சன், ஃப்ரேசர் ஆகியோர் எலிகளில் இதைக் காட்டினார்கள். தோல் எவ்வளவு செய்து கொடுத்தாலும் உடம்பு அதைச் செலவழித்துத் தீர்த்துவிடுகிறது.

இதெல்லாம் குடல் ஓரளவு ஒழுங்காக இருக்கிறவர்களின் கதை. குடலே கெட்டுப்போனால்?

சீலியாக் நோய் அங்கேதான் வருகிறது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை, சில மரபணு வகைகள் உள்ள சிலருடைய நோய் எதிர்ப்பாற்றல் எதிரியாக எண்ணித் தாக்குகிறது. அந்தத் தாக்குதலில் அடிபடுவது சிறுகுடலின் உட்சுவர். நல்ல குடலின் உட்சுவரில், டர்க்கி டவலின் நூல்கண்ணிகளைப் போல, குடலுறிஞ்சிகள் நெருக்கமாக எழுந்து நிற்கும். உணவின் சத்தெல்லாம் அவற்றின் வழியாகத்தான் ரத்தத்துக்குப் போகிறது. சீலியாக்கில் அவை குட்டையாகி, கடைசியில் மழுங்கிச் சமதரையாகிவிடும். இது ஒவ்வாமை அல்ல. கோதுமை தின்ற அரை மணியில் உடம்பெல்லாம் தடிப்பது வேறு நோய். சீலியாக் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஓசையில்லாமல் வேலை செய்யும்.

கோதுமைதான் குற்றவாளி என்று பிடித்துக் கொடுத்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. 1930-களிலேயே அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் நாடே ரொட்டியில்லாமல் பட்டினி கிடந்தபோது, அவருடைய சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்தது, நோயும் திரும்பி வந்தது. 1950-இல் அவர் அதை ஆய்வேடாக எழுதினார்.

நம் பக்கத்தில் இந்த நோய் எவ்வளவு? சித்தூரிலிருந்து வேலூர் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. 1911-இல் தனி மாவட்டமாகும்வரை சித்தூர் வட ஆர்க்காட்டின் பகுதியாகத்தான் இருந்தது. ஆகவே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) குடல் மருத்துவராக இருந்த பி.எஸ். ராமகிருஷ்ணா முன்னின்று நடத்தி 2016-இல் வெளியான ஆய்வு இந்த வட்டாரத்துக்கும் பொருந்தும் என்றே எடுத்துக்கொள்ளலாம். வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைச் சோதித்தார்கள். வடக்கில் ஆயிரத்துக்கு 8.53 பேருக்கு சீலியாக். வடகிழக்கில் 4.66. தெற்கில் 0.11, அதாவது ஏறக்குறைய 9 ஆயிரத்தில் ஒருவர்.

நம் மரபணு வேறு போலும் என்று எண்ணத் தோன்றும். அதையும் பார்த்தார்கள். நோய்க்கு இடம் கொடுக்கும் டிகியூ2, டிகியூ8 வகைகள் வடக்கில் 38.1 சதவீதம் பேருக்கு, தெற்கில் 36.4 சதவீதம் பேருக்கு. வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம். வித்தியாசம் தட்டில். வடக்கில் ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் கோதுமை சராசரி 455 கிராம். தெற்கில் 25 கிராம்.

இந்த இடத்தில் பலர் கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு வடகிழக்கு உறுத்துகிறது. அங்கே கோதுமை 37 கிராம்தான், நம்மைவிடக் கொஞ்சம் கூடுதல். நோயோ நாற்பது மடங்கு. கோதுமையின் அளவு மட்டுமே காரணம் என்றால் இந்த எண் இப்படி வந்திருக்காது. இன்னொரு கணக்கும் உண்டு. 25 கிராம் கோதுமையில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். சீலியாக் என்று உறுதியானவரின் குடலைக் கெடுக்க ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குளூட்டனே போதும் என்பது இத்தாலியில் செய்த ஒரு சோதனையின் முடிவு. நம்முடைய 25 கிராம் அதைப்போல நாற்பது பங்கு. நோயைத் தொடங்கி வைக்க எவ்வளவு வேண்டும், வந்த நோயை நீட்டிக்க எவ்வளவு வேண்டும் என்பவை வேறு வேறு கேள்விகள். சர்க்கரை வியாதிக்காக ராத்திரி சப்பாத்திக்கு மாறியவர்கள், பரோட்டா இல்லாமல் தூக்கம் வராதவர்கள் என்று தெற்கின் தட்டு மாறிக்கொண்டே இருக்கும்போது அந்த 0.11 அப்படியே நிற்கும் என்று நான் நம்பவில்லை.

அரிசி தின்னும் ஊரில் சீலியாக் வந்த ஒருவருக்கு நேரும் பெரிய கெடுதல், அவர் கூட்டத்தில் காணாமல் போய்விடுவதுதான். வட இந்தியாவில் வயிறு உப்பிய, வளராத குழந்தையைக் கண்டால் மருத்துவருக்குக் கோதுமை உடனே நினைவுக்கு வரும். இங்கே வராது. பெரியவர்களுக்கோ பேதிகூட இல்லாமல் வெறும் சத்துக் குறைபாடாக மட்டுமே நோய் வெளிப்படலாம். ஆந்திராவில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. வைட்டமின் டி கதையை மேலே பார்த்தோம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சாதாரணம். ஆக, களைப்பு, எலும்பு வலி, வெளுத்த கண்ணிமை என்று வருகிற பெண்ணுக்கு இரும்பு மாத்திரை, டி மாத்திரை, பி12 ஊசி எழுதிக் கொடுத்து அனுப்புவது இயல்பாகிவிடுகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை அது சரியாகவும் இருக்கும்.

அந்த ஒரு முறையைக் கண்டுபிடிக்க, எந்தச் சத்து குடலின் எந்த இடத்தில் ஏறுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரும்பு ஏறுவது முக்கியமாக முன்சிறுகுடலில், இரைப்பையைத் தாண்டிய முதல் சாணில். கால்சியத்துக்கும் அதுவே முக்கிய வாசல். ஃபோலிக் அமிலம் அதையடுத்த பகுதியில். பி12 கடைக்கோடியில், பெருங்குடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால். சீலியாக் முதலில் அடிப்பதும் பலமாக அடிப்பதும் முன்பகுதியை. அதனால்தான் பெரியவர்களிடம் இந்த நோய் பெரும்பாலும் இரும்புக் குறைவாக முகம் காட்டுகிறது. மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் ஏறாத ஹீமோகுளோபினாக. ஃபோலேட்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கீரையில் அது சங்கிலியாகக் கோத்துக் கிடக்கிறது. குடலுறிஞ்சிகளின் விளிம்பிலுள்ள ஒரு நொதி அதை வெட்டினால்தான் உள்ளே போகும். விளிம்பு மழுங்கினால் நொதியும் போச்சு. பி12 தப்பிக்க வேண்டும், ஆனாலும் சீலியாக் நோயாளிகள் சிலரிடம் அதுவும் குறைகிறது. கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்போடு சேர்ந்து மலத்தில் போய்விடலாம். ஏ குறைந்தால் மாலையில் பார்வை மங்கும். கே குறைந்தால் சின்ன அடிக்கும் தோல் கன்றும். ஈ குறைந்தால் நரம்பு தளரும்.

ரத்தப் பரிசோதனைத் தாளில் நடக்கும் ஒரு ஏமாற்றைச் சொல்ல வேண்டும். இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும். ஃபோலேட்டோ பி12-ஓ குறைந்தால் பெருக்கும். இரண்டும் ஒன்றாகக் குறைந்த உடம்பில் சிறியதும் பெரியதும் கலந்து ஓடும். ஆய்வகத்து எந்திரம் சராசரி எடுத்து, ‘சிவப்பணுவின் அளவு இயல்பு’ என்று அச்சடித்துக் கொடுத்துவிடும். அதற்குப் பக்கத்திலேயே ‘அளவு வேறுபாடு’ என்ற இன்னொரு எண் எகிறியிருக்கும், யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு வகை அணுக்களும் கண்முன்னே நிற்கும். ஐந்து நிமிட வேலை.

எலும்பின் கணக்கு, திருப்பதியில் பார்த்த அதே கணக்கு. கால்சியம் குடலில் ஏறாது, பாராதைராய்டு எகிறும், வெயில் தந்த வைட்டமின் டி விரைந்து தீரும். வயல்வேலை செய்யும் பெண்ணுக்குப் பைட்டேட் செய்ததை, சீலியாக் உள்ளவருக்கு மழுங்கிய குடல் செய்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் இடுப்பெலும்பு தேய்வதற்கு முதுமை வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

குடல் சுவர் மழுங்குவது இந்த வட்டாரத்துக்குப் புதியதல்ல. 1960-களின் தொடக்கத்தில் வேலூரைச் சுற்றிய கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற வெப்பமண்டல நோய் கொள்ளைநோயாகப் பரவியது. முடிவில்லாத பேதி, நாக்குப் புண், எலும்பும் தோலுமாக மெலிவு. சி.எம்.சி.யில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாதனும் கிராமம் கிராமமாகப் போய் ஆராய்ந்தார்கள். குடலுக்குள் குழாய் விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது: நோயே இல்லாத ஊர்க்காரர்களின் குடலுறிஞ்சிகளும் மேலைநாட்டுப் பாடநூல் படத்தைப் போல விரல்விரலாக இல்லை. இலைபோலத் தட்டையாக, வரப்புப்போல ஒட்டிக் கிடந்தன. அசுத்தமான நீரும் ஓயாத கிருமித் தொற்றும் செய்த வேலை என்று கருதப்படுகிறது. எனவே இங்கே குட்டையான குடலுறிஞ்சிகளைக் கண்டவுடன் சீலியாக் என்று எழுதிவிட முடியாது. அது ஸ்ப்ரூவாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம், ஜியார்டியா ஒட்டுண்ணியாக இருக்கலாம்.

ஸ்ப்ரூவைப் பற்றிப் பேசும்போது எல்லாப்பிரகட சுப்பாராவைச் சொல்லாமல் நகர முடியாது. 1895-இல் பீமாவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய இரண்டு சகோதரர்களைச் சில நாள் இடைவெளியில் ஸ்ப்ரூ கொண்டுபோனது. அவரையும் அது பிடித்து, ஆயுர்வேத வைத்தியத்தில் பிழைத்தார். பின்னாளில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் இருந்த குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசினும் அதே ஆய்வகத்தில் பெஞ்சமின் டக்கர் கண்டது, 1948-இல் வெளிவந்தது. வெப்பமண்டல ஸ்ப்ரூவுக்கு இன்றைக்கும் கொடுப்பது ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும்தான். சீலியாக்குக்கு அப்படி மருந்து கிடையாது. ஃபோலிக் அமிலம் கொடுத்தால் ரத்தம் தேறும், குடல் தேறாது. கோதுமையை நிறுத்த வேண்டும், ஆயுளுக்கும்.

நிறுத்துவதற்கு முன்னால் சோதனை. இந்த வரிசையை மாற்றிக் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. யூட்யூபில் பார்த்துவிட்டு இரண்டு மாதம் கோதுமையை விட்டவர், பிறகு ரத்தம் கொடுத்தால், எதிர்ப்பொருள் வற்றிப்போய் ‘நோய் இல்லை’ என்று வரும். முதலில் திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதிக்கு எதிரான ஐஜிஏ எதிர்ப்பொருளைப் பார்க்க வேண்டும். கூடவே மொத்த ஐஜிஏ அளவையும், ஏனென்றால் சிலர் உடம்பு ஐஜிஏ-யையே போதுமான அளவு செய்வதில்லை. பிறகு எண்டோஸ்கோப்பி வழியாக முன்சிறுகுடலிலிருந்து பல துணுக்குகள். மற்றபடி ஆரோக்கியமாக இருக்கிறவர் ஃபேஷனுக்காகக் குளூட்டனைத் துறப்பதில் எந்தப் புண்ணியமும் இல்லை. ஃபோலேட்டும் நாரும் குறைந்த, மாவுச்சத்து மட்டும் நிறைந்த பாக்கெட் ரொட்டிக்கு நாலு மடங்கு விலை கொடுப்பதுதான் மிச்சம்.

நோய் உறுதியானவருக்குச் சித்தூரும் திருப்பதியும் டெல்லியைவிட நூறு மடங்கு நல்ல ஊர். இட்லி, தோசை, பொங்கல், கேழ்வரகுச் சங்கடி, கம்பஞ்சோறு, வேர்க்கடலைச் சட்னி எதிலும் கோதுமை இல்லை. திருப்பதி லட்டு கடலைமாவு, சர்க்கரை, நெய், முந்திரி, திராட்சை, கற்கண்டு, ஏலக்காய், அதிலும் இல்லை. ரவையும் சேமியாவும் மைதாவும் கோதுமையே என்பதைச் சொல்லிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. ரவை இட்லி, ரவை தோசை, சேமியா பாயசம், கேசரி எல்லாம் போய்விடும்.

மருத்துவர்கள் அடுத்துப் பயமுறுத்துவது பெருங்காயத்தை வைத்து. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: கோந்து, கோதுமை மாவு அல்லது மைதா, அப்புறம்தான் பெருங்காயம். சாம்பார், ரசம், புளியோதரை எல்லாவற்றிலும் அது விழுகிறது. ஆனால் கணக்குப் போட்டால், ஒரு பானை சாம்பாருக்குக் கால் கிராம் தூள், அதில் பாதி கோதுமை மாவு என்று வைத்தாலும், பானை முழுதுக்கும் பத்து மில்லிகிராம் குளூட்டன்போல வரும். ஒரு கரண்டிக்கு அதில் ஒரு துளி. தவிர்ப்பதே நல்லது, மூன்று வேளையும் சேரும் அல்லவா. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் விற்கிறது. ஆனால் பெருங்காயத்துக்குப் பதறிவிட்டு மாவு மில்லை மறப்பதுதான் எனக்குப் புரிவதில்லை.

உடம்பு தேறக் கேழ்வரகு வேண்டும். நூறு கிராமில் 364 மில்லிகிராம் கால்சியம். தீட்டிய அரிசியில் பத்துக்கும் கீழே. பெரியவருக்கு நாளுக்குத் தேவை 1000. கேழ்வரகில் பைட்டேட்டும் உண்டு என்பதால், ஊறவைத்து முளைகட்டி உலர்த்தி அரைப்பது நல்லது. முளைவிடும்போது தானியம் தன் பைட்டேட்டைத் தானே உடைத்துக்கொள்ளும். சங்கடியோடு ஒரு கிண்ணம் தயிர் சேர்ந்தால் இன்னும் நல்லது. குழந்தைகளின் குடல் சில மாதங்களில் திரும்ப முளைக்கும். பெரியவர்களுக்கு ஓரிரண்டு ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல். அதுவரை இரும்பு, ஃபோலிக் அமிலம், டி, கால்சியம், தேவைப்பட்டால் பி12 என எல்லாவற்றையும் அளந்து பார்த்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் கேழ்வரகைத் தெருமுனை மில்லில் கொடுத்தால், நமக்கு முன்னால் அரைத்தவர் கோதுமைக்காரராக இருப்பார். கல்லிலும் துணிக்குழாயிலும் ஒட்டிய 20 கிராம் கோதுமை மாவு நம்முடைய 2 கிலோவில் கலக்கிறது என்று கொள்வோம். கிலோவுக்கு 800 மில்லிகிராம் குளூட்டன் ஆகிவிடும். ‘குளூட்டன் இல்லை’ என்று பொட்டலத்தில் போட இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கும் அளவு கிலோவுக்கு 20. அரிசி அரைத்தவருக்குப் பின்னால் நின்றால் கொஞ்சம் குறையும். வீட்டிலேயே ஒரு சின்ன மாவு எந்திரம் வாங்கி, அதில் கோதுமையைப் போடாமல் இருப்பதுதான் சரி. மாதக்கணக்கில் விழுங்கும் சத்து மாத்திரைகளின் செலவோடு வைத்துப் பார்த்தால் அது ஒன்றும் பெரிய விலையும் இல்லை.